வீட்டுக்கு வந்த இரண்டாவது டர்போ

பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த சாமான்களிலேயே கனமானது ஒரு டர்போ. அதுவும் அவர் பெட்டியில் வரவில்லை. அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், தன் பெட்டியில் பேரீச்சம்பழத்தையும் பால்பவுடரையும் குறைத்துக்கொண்டு, கம்பளிப் போர்வையில் சுற்றிய அந்த இரும்புக்கு இடம் கொடுத்திருந்தார். வீடு தேடிவந்து கொடுத்தபோது, "தங்கச்சி, தங்கம்னு நெனச்சிராதீய" என்று சிரித்தார். போர்வையைப் பிரித்துப் பார்த்தேன். பெரிய நத்தை மாதிரி சுருண்டு கிடந்தது.

"நம்ம கார்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"இது ரெண்டாவது" என்றார் என் வீட்டுக்காரர், ரெண்டாவது பிள்ளை பிறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

டர்போ என்றால் ஒன்றுமில்லை, எஞ்சினுக்குக் காற்று ஊதுகிற சாமான். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாக எரியும், வண்டி இழுக்கும். எங்கள் டீசல் கார் பிறக்கும்போதே ஒரு சின்ன டர்போவோடு பிறந்தது. சின்னது சீக்கிரம் எழும்பும், ஆனால் வேகம் கூடக் கூட அதற்கு மூச்சு வாங்கும். பெரியது எழும்ப நேரமாகும், எழும்பிவிட்டால் சளைக்காது. இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, பெரியது அழுத்திய காற்றைச் சின்னது வாங்கி இன்னும் அழுத்தி எஞ்சினுக்குக் கொடுக்கும்படி செய்யவேண்டும். இதைத்தான் என் வீட்டுக்காரர் அங்கே பாலைவன மணல்மேட்டில் ஏறுகிற வண்டிகளுக்குச் செய்துகொண்டிருந்தார்.

"ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்திய கூட்டிட்டு வந்தா எந்த வீடும் உருப்படாது" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார். அவர் எதற்குத்தான் சிரிக்கவில்லை! கோபம் எங்கள் வீட்டில் என் இலாகா.

ஆனால் அந்த டர்போவுக்குப் பின்னால் இருந்த விஷயம் சிரிப்பு இல்லை. அந்தத் தடவை அவர் விசாவை முடித்துக்கொண்டு வந்திருந்தார். பாளையங்கோட்டையில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, பட்டறை என்று பலகையும் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் ஆயில் மாற்றவும் பிரேக் பார்க்கவும்தான் வந்தார்கள். "ஷார்ஜால அப்படி என்னத்தக் கிழிச்சாராம்?" என்று தெருவில் ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அங்கே அவருடைய முதலாளி விடவில்லை. புது விசா தயார், தீபாவளிக்குள் ஒரு வார்த்தை சொல்லு என்று வாரம் தவறாமல் போன். அதனால் இவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சொந்தக் காரில் இரட்டை டர்போ பூட்டி ஓட்டிக் காட்டுவது. சரியாக ஓடினால், ஜீப்பு வைத்திருப்பவர்கள், மலைப்பக்கம் போய்வருகிறவர்கள் என்று பெரிய எஞ்சின் வேலை வரும். இங்கேயே இருந்துவிடலாம். ஓடாவிட்டால் முதலாளிக்கு வார்த்தை. போனால் மறுபடி எத்தனை வருஷமோ.

எனக்கு அவர் இங்கே இருக்கவேண்டும். அவ்வளவுதான். எங்கள் மகள் நடக்கப் பழகியதைக்கூட அவர் போனில்தான் பார்த்தார். ஆனால் இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் ஒவ்வொரு தடவையும், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். போகிறவரைத் தடுத்துப் பேசக்கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்துவிட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் கிழியப் பேசுகிறவள், இந்த ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வேலை ஆவணியில் தொடங்கியது. ஓடுகிற காரின் முன்பக்கத்தை அவர் உரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடுத கதையால்லா இருக்கு. ரெண்டு டர்போ வச்சு என்ன செய்யப் போறீரு, நெல்லையப்பர் தேரையா இழுக்கப் போறீரு?" என்று கேட்டார். "இழுத்தாலும் இழுப்பேன் அண்ணாச்சி" என்றார் இவர். இப்படி ஒரு வண்டியை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுச் செய்யவேண்டும். அதற்கும் அலைந்துகொண்டுதான் இருந்தார்.

அந்த நாட்களில் நான் நன்றி சொல்லவேண்டிய ஒருவர், இவரோடு முன்பு அங்கே வேலை பார்த்து, இப்போது உவரியில் படகு எஞ்சின் பார்க்கிற நண்பர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு பையில் சீலா மீனும் இன்னொரு பையில் வெல்டிங் சாமானுமாக வந்து இறங்குவார். துருப்பிடிக்காத குழாயை வளைத்து ஒட்டுவதில் அவர் கை அப்படி. சின்ன டர்போவிலிருந்து வரும் புகையைப் பெரியதற்குக் கொண்டுபோகும் குழாயை அவர்தான் ஒட்டிக்கொடுத்தார். இரண்டாவது ஞாயிறு வந்தபோது என் வீட்டுக்காரர் பெரிய டர்போவை இடம் பார்த்துப் பூட்டி முடித்திருந்தார். நண்பர் குனிந்து பார்த்தார். டர்போவின் தண்டு ஓடுவது எண்ணெயில். அந்த எண்ணெய் ஒரு குழாய் வழியாக எஞ்சினின் அடித்தொட்டிக்குத் திரும்பிப் போகவேண்டும். அந்தக் குழாய் நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது.

"எண்ணெய் என்ன வே, ஏணி போட்டா ஏறும்? அது சும்மா விழுந்துதான் போவும். டர்போவ நாலு விரல் தூக்கு" என்றார்.

இரண்டு நாள் வேலை வீண். என் வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக் கழற்றத் தொடங்கினார். மீன்குழம்பில் நண்பருக்குக் கூட ஒரு கரண்டி காரம் போட்டேன், அவ்வளவு எரிச்சல். அவர் சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்கு என்றார். அன்றைக்கு அவர் சொல்லியிருக்காவிட்டால் எண்ணெய் தேங்கி டர்போ முதல் வாரமே வீணாகியிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

நாலு விரல் தூக்கியதில் ஒரு சங்கடம் வந்தது. டர்போ காற்று இழுக்கும் வாய் இப்போது காரின் முன்சக்கரத்துப் பக்கமாகக் கீழே திரும்பிவிட்டது. அங்கே கண்ணால் பார்க்க வழியில்லை. கையை விட்டுத் தடவித்தான் குழாயை மாட்டவேண்டும். டர்போவின் உடம்பையும் திருப்பி வைக்கவேண்டியிருந்ததால் அதை ஒருமுறை முழுக்கப் பிரித்தார். சக்கரத்தையும் தண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவிட்டுத்தான் பிரித்தார். திரும்பப் போடும்போது அந்தக் கோடு முடி அளவுகூடப் பிசகக்கூடாது, பிசகினால் சமநிலை போய்விடும். போட்டு முடித்து, பழைய நீல ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி வாயை அடைத்தார். அது அவருடைய சட்டம். எந்த வாயைத் திறந்தாலும் அடுத்த நிமிஷமே அடைத்துவிடவேண்டும், உள்ளே தூசி போகக்கூடாது. எங்கள் வீட்டில் தேய்ந்த செருப்பு ஒன்றுகூடக் குப்பைக்குப் போனதில்லை. அடைத்த டர்போவைப் பலகைமேல் வைத்து, "ஆயுத பூஜை கழிஞ்சு மாட்டுதேன்" என்றார்.

ஆயுத பூஜை அன்று சாயந்தரம் கொட்டகையைக் கழுவிக் கோலம் போட்டேன். பொரியும் கடலையும் சுண்டலும் வைத்தாயிற்று. அவர் குளிக்கப் போயிருந்தார். நான் கல்லில் இழைத்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்பேனர்களுக்கு, ஜாக்கிக்கு, வெல்டிங் மிஷினுக்கு, காரின் நெற்றிக்கு. கடைசியாகப் பலகையில் டர்போ. அதன் முகம் என்று பார்த்தால் அந்த வாய்தான். வாயில் நீலச் செருப்பு. செருப்பின் மேல் சந்தனம் வைக்க யாருக்கு மனசு வரும்? அதை எடுத்துவிட்டு, உள்ளே பளபளவென்று இருந்த சக்கரத்தில் மோதிர விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் ஒரு துளி குங்குமம். கண்ணை மூடி ஒன்று வேண்டிக்கொண்டேன். பிறகு அடைப்பானைப் பழையபடியே பொருத்திவிட்டேன். அவர் ஈரத் தலையோடு வந்து கற்பூரம் காட்டினார்.

மூன்று நாள் கழித்து வண்டி தயாரானது. டர்போவை அடைப்பானோடே ஏற்றி, கடைசியில் கைத்தடவலில் ரப்பரை உருவிக் குழாயை மாட்டியிருந்தார். மத்தியானம் நானும் அரை நாள் லீவு போட்டு ஏறிக்கொண்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பைய ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. நாங்குநேரி போகும் நான்குவழிச் சாலையில் அவர் மிதித்தார். முதுகு இருக்கையோடு ஒட்டியது. அந்த ஒரு நொடி நான் குழந்தை மாதிரி சிரித்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அடுத்த நொடி அடியிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்து உள்ளங்கால் கூசியது. அவர் உடனே காலை எடுத்துவிட்டார். ஓரமாகவே வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தோம்.

இங்கே என் வேலையைச் சொல்லவேண்டும். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் நான் பேலன்சிங் பிரிவில் இருக்கிறேன். காற்று ஊதும் மிஷின்களுக்குள் சுற்றும் சின்னச் சக்கரங்களை மிஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் என்று பார்த்து, அரிசியில் பாதிகூட இல்லாத கனத்தை ராவி எடுப்பது. ஒரு பக்கம் துளி கனம் கூடினாலும் சக்கரம் எப்படி அழும் என்று பதினாலு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். இந்தச் சத்தம் என்ன என்று எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

"இது பேலன்ஸ்" என்றேன், கார் கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே. "சக்கரத்தக் கழட்டிப் போட்டீங்கல்லா, கோடு மாறிட்டு."

"கோடு பாத்துத்தான் போட்டேன்."

"பாத்துப் போட்டிருந்தா ஏன் கத்துது?"

அவர் பானட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "அங்கன நான் போட்டா இன்னொருத்தன் வந்து சரி பாப்பான். இங்கன ஒத்தையில செய்யுதேன். தப்பிப் போயிருக்கும்" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கோ பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். இரண்டு மாச உழைப்பு, தெருவில் பேச்சு, எல்லாம் ஒரு கோட்டில் போயிற்றே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "ஒரு கோடு ஒழுங்கா வைக்கத் தெரியல, இதுக்குப் போர்டு ஒரு கேடு" என்றுகூடச் சொன்னேன். அன்று புதன்கிழமை. "வெள்ளிக்கிழம முதலாளிக்கு லீவு. அன்னைக்குப் போன் போட்டு வாறேன்னு சொல்லிருதேன்" என்றார். அப்போதும் நான் போகாதீங்க என்று சொல்லவில்லை. "அதுக்கு முன்னாடி இதக் கழட்டிக் குடுங்க, எங்க பிளான்ட்ல வச்சுப் பாக்கேன். நீங்க இனி அதத் தொறக்கவே வேண்டாம்" என்றேன். அவர் அடியில் படுத்து, குழாயை உருவி, கைத்தடவலிலேயே வாய்க்கு நீல ரப்பரை அடைத்து, டர்போவை இறக்கிக் கொடுத்தார். நான் சொன்னபடி திறக்கவில்லை. தான் வரைந்த கோட்டைவிட என் வாயை நம்பினார்.

மறுநாள் அதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போனேன். எங்கள் மேற்பார்வையாளரிடம் காலையிலேயே கேட்டிருந்தேன். நல்ல மனிதர். ஷிப்டு முடிந்ததும் சின்ன மிஷினில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். நாலரை மணிக்கு எல்லோரும் கைகழுவப் போனபிறகு டர்போவை விளக்குக்குக் கீழே வைத்து நீல ரப்பரை எடுத்தேன்.

உள்ளே மஞ்சளாகப் பாதி நிலா.

பொட்டில் பாதி பறந்து போயிருந்தது. மீதிப் பாதி சக்கரத்தின் ஓர் இதழடியில் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. ஓரத்தில் என் விரல் ரேகைகூட இருந்தது. மேலே தண்டையும் சக்கரத்தையும் சேர்த்து அவர் வரைந்த வெள்ளைக் கோடு. உளியால் கீறிய மாதிரி நேர்க்கோடு. முடி அளவுகூடப் பிசகவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் பிரிவில் புதிதாக வந்த பிள்ளைகளிடம் நான்தான் சொல்வேன். சந்தனம் மிஷினின் சட்டத்துக்கு வை, சுற்றுகிற எதற்கும் வைக்காதே, என்று. போன வருஷம் ஒரு பிள்ளை சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனதற்கு அது அழுகிற அளவுக்குச் சத்தம் போட்டவள் நான். அதே விரலால் என் வீட்டில், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றுகிற சக்கரத்தில், பக்தியோடு அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. துடைத்து முடிக்கும்போது மேற்பார்வையாளர் வந்தார். அவரே கூட நின்று சக்கரத்தைத் தண்டோடு மிஷினில் ஏற்றினார். சுற்றவிட்டோம். அளவு சுத்தமாக வந்தது. தண்டு ஓடும் இடத்திலும் ஆட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் சீக்கிரம் காலை எடுத்திருந்ததால் சேதம் எதுவும் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு. என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"தூசி சார்" என்றேன்.

"வீட்டுக்காரரு கை சுத்தமான கைம்மா. கோட்டப் பாத்தாலே தெரியுது" என்றார். பஞ்சை என் உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பேலன்ஸ் பார்த்துச் சரிசெய்துவிட்டேன் என்றால் போதும். அவர் எனக்கு நன்றிகூடச் சொல்வார். வண்டி ஓடும். ஒருவேளை இங்கேயே இருந்துவிடவும் செய்வார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஒரு நட்டை முறுக்கும்போதும், தன் கை ஒருமுறை தவறிய கை என்று நினைத்துக்கொண்டே முறுக்குவார். இல்லாத தப்பை அவர் தலையில் ஏற்றிவிட்டு, அதைத் தீர்த்துவைத்தவள் என்ற பெயரையும் நான் வாங்கிக்கொள்வதா? தாழையூத்து தாண்டும்போது எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. வண்ணார்பேட்டையில் இறங்கும்போது சொல்லிவிடுவது என்று இருந்தேன். ஆட்டோவில் போகப் போக மறுபடி பயம் வந்தது.

கொட்டகை வாசலில் அவருடைய பயணப் பெட்டி திறந்து கிடந்தது. மச்சிலிருந்து இறக்கி, பாச்சை நாற்றம் போக வெயிலில் காயவைத்திருக்கிறார். அதைப் பார்த்தபிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை.

"என்னாச்சு?" என்றார்.

"கோடு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"பொறவு?"

பஞ்சை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. மூக்கில் சந்தனம் ஏற ஏறத்தான் விளங்கியது.

"நீயா?"

"நான்தான். பூஜையன்னைக்கு. நீங்க குளிக்கப் போனப்ப."

"அடச்சது அடச்சபடியேல்லா இருந்துச்சு?"

"எடுத்துட்டு வச்சேன். வச்சுட்டுத் திரும்பவும் அடச்சேன்" என்று பையிலிருந்த டர்போவின் வாயிலிருந்து நீல ரப்பரை உருவிக் காட்டினேன்.

"ஏளா, வெளிய எவ்வளவு எடம் இருக்கு. உள்ள எதுக்கு வச்சே?"

"செருப்பு மேல எப்படி வைக்க?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு உள்ளே போயிருப்பேன், விஷயம் அதோடு போயிருக்கும். அவர் சிரித்ததால் எனக்கு நிற்கவேண்டியதாகிவிட்டது.

"அது மட்டும் இல்ல" என்றேன். "மத்ததுக்கெல்லாம் வெளியதான் வச்சேன். இது ஓடினாத்தான நீங்க இருப்பீங்க. அதான் உள்ளுக்கே வச்சேன். நீங்க போகக்கூடாதுன்னு வச்சேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நீ இதச் சொன்னதில்லயே" என்றார்.

"நீங்க கேக்கலயே."

"நான் போறதுல ஒனக்கு ஒண்ணுமில்லன்னுல்லா நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவே." பெட்டியைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா இந்த டர்போவே வேண்டியிருந்திருக்காதேளா."

திரும்பிப் பார்க்காமல் போனது அழுகிற முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்று. அதையும் அன்றைக்கு நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தேன். நான் பேசினேன் பேசினேன், பள்ளிக்கூடம் விட்டுப் பேச்சுப்போட்டிக்கு நின்றிருந்த மகள் வந்து, "அம்மா ஏன் செருப்பக் கையில வச்சுட்டு அழுதா?" என்று கேட்கும்வரை பேசினேன். கையில் அந்த நீல ரப்பர் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவர் முதலாளிக்குப் போன் செய்தார். பக்கத்தில்தான் நின்றேன். பாதி இந்தியும் பாதி அரபியுமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது இல்லை என்கிற "நஹி" ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது. வண்டி அப்போது டர்போ இல்லாமல் பிரித்துத்தான் கிடந்தது. ஓடுமா என்று தெரியாமலேயே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை உவரி நண்பர் வந்து இருவருமாக மாட்டினார்கள். கதையைக் கேட்டுவிட்டு அவர், "எங்க படகுலயும் சிலுவ வரைவோம் மைனி. முகப்புலதான் வரைவோம், புரொபெல்லர்ல வரைய மாட்டோம்" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் காரம் அளவாகப் போட்டேன். சாயந்தரம் அதே நான்குவழிச் சாலையில் என் வீட்டுக்காரர் மிதித்தார். முதலில் சின்னது எழும்பியது, அது மூச்சு வாங்கும் இடத்தில் பெரியது வந்து தாங்கிக்கொண்டது. உள்ளங்கால் கூசவில்லை. சீரான ஒரு சீழ்க்கை மட்டும். எங்கள் பிளான்டில் நல்ல சக்கரம் சுற்றும்போது அப்படித்தான் கேட்கும். நாங்குநேரிவரை அதைக் கேட்டுக்கொண்டே போனோம்.

ஊரெல்லாம் வந்து குவிந்துவிடவில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய வேலை வருகிறது. மற்ற நாளில் ஆயில் மாற்றுகிறார், பிரேக் பார்க்கிறார், சாயந்தரம் மகளைக் கூட்டிவரப் போகிறார். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த முதல் ஜீப்புக்கு டர்போ பூட்டும்போது, அதன் தாங்கியில் காலணா அகலத்துக்கு ஒரு தட்டையான தகடு ஒட்டினார். எதற்கு என்று வண்டிக்காரர் கேட்டதற்கு, "சந்தனம் வைக்க எடம். வேற எங்கயும் வைக்கக்கூடாது" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். இன்றுவரை ஒரு வண்டியும் அந்தத் தகடு இல்லாமல் எங்கள் கொட்டகையிலிருந்து போகவில்லை. அந்த மனிதர் இதைச் சொல்லிக் காட்டி என்னை ஒருநாளும் குத்தியதில்லை. நானாக இருந்தால் தினம் குத்தியிருப்பேன். அதற்காகவே அவருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

டர்போ மாட்டி முடித்த அன்று, வாசலில் காய்ந்துகொண்டிருந்த பெட்டியைத் தூக்கி மச்சில் ஏற்றப் போனார். மச்சில் இருந்தால் என்றைக்காவது இறங்கும். "அங்க வைக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். இப்போது அது கொட்டகையில் பலகைக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் முழுக்கப் பழைய செருப்புகள்.